டானிக் தெளித்தால் உளுந்தின் மஞ்சள் தேமல் அடங்குமா?

கேள்வி: தாளடி நெல் நிற்கும்போதே தெளித்த உளுந்து, மூன்று வாரப் பயிர். அங்கங்கே இலை மஞ்சளாகிறது. "வெப்பத்தைத் தாங்கும் புரதம் ஊறும், வைரஸ் அடங்கிவிடும்" என்று கடையில் ஒரு டானிக் கொடுக்கிறார்கள். வாங்கலாமா? (மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வைரசுக்காக என்றால் வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

வெயில் ஏறினால், தண்ணீர் குறைந்தால், செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிடித்து மறுபடி மடித்துவிடுபவை எச்எஸ்பி 70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். வைரஸ் நுழைந்தாலும் இவை கூடுவதுண்டு. ஆனால் அது பயிருக்கு மட்டும் ஆதாயமில்லை. நடவுக்கு நீங்கள் வண்டி வைத்துக் கூட்டிவந்த ஆட்களைப் பக்கத்து வயல்காரர் இழுத்துக்கொண்டு போகிற கதைதான். தக்காளியின் மஞ்சள் இலைச்சுருட்டை வைரஸ், உளுந்துத் தேமல் வைரசுக்குப் பங்காளி. இரண்டுமே பெகோமோவைரஸ் என்ற ஒரே இனம், இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ. தக்காளி வைரசின் உறைப் புரதம் எச்எஸ்பி 70-ஐப் பிடித்துக்கொள்கிறது. எச்எஸ்பி 70-ஐ முடக்கிப் பார்த்தபோது, செல்லின் உட்கருவுக்குப் போய்ச்சேரும் வைரஸ் குறைந்தது. உட்கருவுக்குள் போகாமல் இந்த வகை பெருக முடியாது. எலுமிச்சையைத் தாக்கும் ட்ரிஸ்டெசா வைரஸ் இன்னும் பலே ஆள்: எச்எஸ்பி 70 மாதிரியான புரதத்துக்குத் தன்னிடமே மரபணு வைத்திருக்கிறது!

மறுபக்கமும் உண்டு. புகையிலையில், புகையிலைத் தேமல் வைரசை மறிக்கும் 'என்' மரபணு வேலை செய்ய, இன்னொரு வெப்ப அதிர்ச்சிப் புரதமான எச்எஸ்பி 90 தேவை. ஆனால் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் அந்த எதிர்ப்பே கைவிட்டுவிடும். மாசி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, புரதம் கூடினால் யாருக்கு லாபம் என்பதைப் பாட்டிலில் எழுதி விற்க முடியாது.

சரி, முதலில் அது தேமல்தானா பாருங்கள். அடி இலை சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. கொழுந்தில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை. கொழுந்தில் சிறு மஞ்சள் புள்ளிகளாகத் தொடங்கி, பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்தால் தேமல். காலையில் இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளை ஈ உட்கார்ந்திருக்கும்.

தேமல் வந்த செடி தேறாது. இப்போதே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். பாதி வயல் மஞ்சளான பிறகு பிடுங்கிப் பயனில்லை. ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயை ஒட்டும் திரவத்தோடு கலந்து, மாலையில் இலையின் அடி நனையும்படி அடியுங்கள். பூக்கும்போது வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் ஏக்கருக்கு 2 கிலோ தெளிப்பதை நான் தடுக்கவில்லை. அது பூ உதிர்வுக்கும் வறட்சிக்கும்தான், தேமலுக்கு அல்ல.

டானிக் காசை அடுத்த தைக்கு, தேமலைத் தாங்கும் ரகங்களான வம்பன் 8 அல்லது வம்பன் 11 விதையில் போடுங்கள். விதை தெளிப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். பிந்தினால் பயிர் இளசாக இருக்கும்போதே வெயில் ஏறி, வெள்ளை ஈ பெருகிவிடும்.