ஈரானை விட்டு வெளிநாடு போனவங்க அங்க நடக்குறத எப்படிப் பாக்குறாங்க? ஏன் அவங்களுக்குள்ளயே ஒத்துப் போறதில்ல?

நான் இருக்குறது டொராண்டோவுல, நார்த் யார்க் பக்கம். யங் ஸ்ட்ரீட்ல ஃபின்ச் தாண்டி ரிச்மண்ட் ஹில் வரைக்கும் போனா கடை போர்டுல எல்லாம் பாரசீக எழுத்தா இருக்கும், ரொட்டிக் கடை, கபாப் கடை, பணம் மாத்துற கடை, வக்கீல் ஆபீஸ்னு ஒரு குட்டி டெஹ்ரானே இருக்கு. அக்கம்பக்கம், ஆபீஸ் ரெண்டுலயும் ஈரான்காரங்க, அவங்ககிட்ட கேட்டதையும் இங்க கண்ணால பாத்ததையும் வச்சுதான் எழுதுறேன்.

யாராவது "ஈரானியர்கள் இப்படித்தான் நினைக்கிறாங்க"ன்னு ஒரே வரில சொன்னா நம்பாதீங்க. எந்த வருஷம், எதுக்காகக் கிளம்பினாங்கன்னு கேளுங்க, பாதி பதில் அதுலயே இருக்கும். ஷாங்குற ராஜாவ விரட்டின 1979 இஸ்லாமியப் புரட்சியோட கிளம்பினவங்க ஷா காலத்து அதிகாரிங்க, வியாபாரிங்க, யூதர்கள், பஹாய்ங்குற சிறுபான்மை மதத்துக்காரங்க, இவங்கள்ல நிறைய பேர் லாஸ் ஏஞ்சலஸ் போய் வெஸ்ட்வுட் பக்கம் செட்டில் ஆனாங்க, அவங்க கைல இன்னிக்கும் சிங்கமும் சூரியனும் போட்ட பழைய கொடிதான். எண்பதுகள்ல வந்தவங்க கதை வேற. ஷாவுக்கு எதிரா தெருவுல இறங்கின இடதுசாரிங்களையே புது அரசாங்கம் புடிச்சு உள்ள போட்டுச்சு, 1988ல ஜெயில்லயே கூட்டம் கூட்டமா தூக்குல போட்டாங்க, தப்பிச்சவங்க துருக்கி மலை வழியா ஜெர்மனி, ஸ்வீடன்னு போய்ச் சேர்ந்தாங்க. இவங்ககிட்ட போய் ராஜா திரும்ப வரட்டும்னு சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மூணாவதா 2000க்கு அப்புறம் இஞ்சினியரிங், மாஸ்டர்ஸ்னு கனடா வந்தவங்க, இவங்க அந்த ஆட்சிக்குள்ளயே பொறந்து வளந்தவங்க, 2009 தேர்தல் போராட்டத்துல அடி வாங்கினவங்களும் இதுல உண்டு, அப்பா அம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. இதுல குர்து, அஸெரி, பலூச், அர்மீனியர்னு பல இனம் வேற, பாரசீகப் பெருமைய மட்டும் பேசினா குர்துக்காரருக்கு மனசு சுருங்கிடும்.

நவ்ரூஸ் வந்தா மட்டும் எல்லாரும் ஒண்ணு. மார்ச் 20 வாக்குல சூரியன் நிலநடுக்கோட்டத் தாண்டுற அந்த நிமிஷம்தான் புது வருஷம், அது நடுராத்திரியா இருந்தாலும் சரி. 2025ல டொராண்டோ நேரத்துக்கு விடியக்காலைல 5 மணி 1 நிமிஷம், டெஹ்ரான்ல மதியம் பன்னிரண்டரை. குழந்தை குட்டியோட எந்திரிச்சு புதுத்துணி போட்டுட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு உக்காந்திருப்பாங்க. முன்னாடி ஹஃப்த் சீன்னு ஏழு பொருள் வைக்குற மேஜை, அதுல முளைச்ச கோதுமைப் புல், ஆப்பிள், பூண்டு, வினிகர், சுமாக், கோதுமை முளைல கிண்டின சமனு, செஞ்செத்னு ஒரு காஞ்ச பழம். அதோட ஒரு புத்தகமும் வைப்பாங்க, சில வீட்டுல குரான், சில வீட்டுல ஹாஃபிஸ் கவிதை, சில வீட்டுல பழைய பாரசீக ராஜாக்கள் கதைய சொல்ற ஃபிர்தௌசியோட ஷாநாமா காவியம். எந்தப் புத்தகம்னு பாத்தா அந்த வீட்டு அரசியலும் கொஞ்சம் புரியும், ஏன்னா இஸ்லாத்துக்கு முந்தைய பாரம்பரியத்தக் கொண்டாடுறதே பல பேருக்கு ஆட்சிக்கு எதிரா சொல்ற ஒரு பதில். 2016 அக்டோபர்ல பசார்கட்ல, இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீகப் பேரரசர் சைரஸ் கல்லறைகிட்ட கூட்டம் கூடினதுக்கே ஆளுங்கள அரெஸ்ட் பண்ணாங்க.

இப்ப அரசியலுக்கு வரேன். டொராண்டோ ஈரானியர்கள்கிட்ட பேசணும்னா 2020 ஜனவரி 8 தெரியாம பேச முடியாது. டெஹ்ரான்ல இருந்து கிளம்பின உக்ரைன் விமானத்த ஈரானோட ராணுவத்துல ஒரு பிரிவான புரட்சிக் காவல்படை ரெண்டு ஏவுகணை விட்டு வீழ்த்துச்சு, 176 பேரும் போயிட்டாங்க, அதுல 138 பேர் கனடா வரவேண்டியவங்க. லீவு முடிஞ்சு காலேஜ் திரும்புற பசங்க, கல்யாணம் முடிச்சு வந்த புது ஜோடிங்க. மூணு நாள் அரசாங்கம் இல்லவே இல்லன்னு சாதிச்சுது, அப்புறம்தான் ஒத்துக்கிச்சு. அந்த மூணு நாள இவங்க மறக்கவே மாட்டாங்க, மறக்கவும் கூடாது.

2022 செப்டம்பர்ல மஹ்சா அமினி, சாகெஸ் ஊர்ல இருந்து வந்த 22 வயசு குர்துப் பொண்ணு, ஹிஜாப் சரியா போடலன்னு கூட்டிட்டுப் போன போலீஸ் காவல்ல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் செத்துப் போச்சு. அதுக்கு நியாயம் கேட்டு அக்டோபர் 1ஆம் தேதி ரிச்மண்ட் ஹில்ல 50,000 பேருக்கு மேல கூடினாங்கன்னு போலீஸே சொன்னாங்க. பழைய கொடி, குர்து கொடி, கொடியே இல்லாதவங்க எல்லாரும் ஒரே தெருவுல "பெண், வாழ்க்கை, சுதந்திரம்"னு கத்தினாங்க. அத நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்குது. ஆனா அந்த ஒத்துமை நிக்கல. 2023 பிப்ரவரில ஷாவோட மகன் ரெசா பஹ்லவி, கட்டாய ஹிஜாபுக்கு எதிரா போராடுற பத்திரிகையாளர் மசிஹ் அலினெஜாத், அந்த உக்ரைன் விமானத்துல மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ஹமெத் எஸ்மாயிலியோன்னு சில பேர் சேர்ந்து ஆட்சிக்கு எதிரா ஒரு கூட்டணி ஆரம்பிச்சாங்க, ஏப்ரல் வாக்குலயே அது உடைஞ்சுது. மேல சொன்ன மூணு தலைமுறை காயமும் ஒரே மேஜைல உக்காந்தா வேற என்ன ஆகும்?

2025 ஜூன்தான் ரொம்பக் கொடுமை. 13ஆம் தேதி இஸ்ரேல் குண்டு போட ஆரம்பிச்சுது, 22ஆம் தேதி ஃபோர்டோ, நதான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்கள்ல அமெரிக்கா போட்டுச்சு. நடுவுல ஈரான் அரசு இன்டர்நெட்ட வேற கட் பண்ணிடுச்சு. டெஹ்ரான்காரங்க காஸ்பியன் கடல் பக்கம் கிளம்பி ரோடெல்லாம் ஜாம். என்கூட வேலை பாக்குற ஒரு அக்கா மூணு நாளா அம்மா குரல் கேக்காம லேப்டாப்ப தொறந்து வச்சிட்டு சும்மா பாத்துட்டு இருந்தாங்க. குண்டுல ஈரான் தளபதிங்க செத்தப்ப சந்தோஷப்பட்டவங்க அவங்க வீட்டுலயே இருந்தாங்க, அதே ஆளு ராத்திரி தூங்காம அழுததும் உண்டு. டெஹ்ரான்ல அரசியல் கைதிங்கள அடைக்குற ஈவின் ஜெயில் இவங்க எல்லாரும் வெறுக்குற இடம், அதுல 23ஆம் தேதி குண்டு விழுந்தப்ப உள்ள இருந்தது யாருக்காக இவங்க இங்க பனில நின்னு கோஷம் போட்டாங்களோ அதே கைதிங்க. இங்க இருக்குற ஈழத்தமிழர்கள்கிட்ட இந்த நிலைமைய விளக்கவே வேண்டாம், 2009 மே மாசம் அவங்களும் போன் கிடைக்காமதான் கார்டினர் ரோட்ட மறிச்சு உக்காந்தாங்க.

வெளிய தெரியாத கஷ்டம் இன்னொண்ணு இருக்கு. ஈரான் மேல போட்ட பொருளாதாரத் தடைனால பேங்க் வழியா வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது, சர்ராஃபின்னு சொல்ற பணம் மாத்துற கடைதான் கதி. 2015ல ஒரு டாலருக்கு முப்பதாயிரம் சொச்சம் ரியால், 2025ல வெளிச்சந்தைல 10 லட்சத்த தாண்டிடுச்சு, அப்பாவோட பென்ஷன் மருந்துக்குக் கூட பத்தல. 2012ல கனடா டெஹ்ரான் தூதரகத்த மூடிடுச்சு, இங்க இருந்த ஈரான் தூதரகமும் போச்சு, அதனால ஈரான் பாஸ்போர்ட் வேலைக்கு வாஷிங்டன்ல பாகிஸ்தான் தூதரகத்துக்குக் கீழ இயங்குற பிரிவதான் நம்பணும். அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டு வரணும்னா கைரேகை குடுக்க அந்த வயசுல துருக்கி மாதிரி இடத்துக்கு அவங்க போகணும்.

பஹ்லவி வருவாரா, வரணுமா? கமெண்ட்ல கண்டிப்பா கேப்பீங்க. ஆதரிக்குறவங்களும் நிறைய, காறித் துப்புறவங்களும் நிறைய. என் கருத்து, அந்த முடிவ எடுக்க வேண்டியது ஈரானுக்குள்ள வாழுற 9 கோடி பேர். லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து வர்ற பாரசீக டிவி சேனலும் டொராண்டோ கூட்டமும் சத்தமா கேக்குது, ஏன்னா இங்க நெட்ட யாரும் கட் பண்றதில்ல, பேசினதுக்கு ஜெயில்ல போடுறதில்ல. அந்த அக்கா கிட்டயும் இதக் கேட்டேன். "எங்க அம்மா ஓட்டு போட்டு யாரத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம், மொதல்ல அவங்களுக்கு ஒரு நிஜமான ஓட்டு கிடைக்கட்டும்"னு சொன்னாங்க.