படம் எடுக்கப் போகிற பெண்ணுக்கு விலங்கியல் எதற்கு?

பிளஸ் டூ உயிரியல் குரூப் படிக்கும் மகள் நீட் எழுத மாட்டாளாம். விஞ்ஞானிகளோடு கப்பலேறிப் போய் ஆவணப்படம் எடுக்கப் போகிறாளாம். கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். “இது சோறு போடுமா? பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?” என்று கேட்கிறார்.

அம்மா, சோறு போடும். ஆனால் மாதாமாதம் ஒன்றாம் தேதி போடாது. ஒரு பயணத்துக்குப் பணம் வரும், அப்புறம் சில மாதம் ஒன்றும் வராது. அந்த இடைவெளியில் பலர் கல்யாண வீடியோ எடிட் செய்கிறார்கள், கல்லூரியில் வகுப்பெடுக்கிறார்கள். இதை மகளிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வேலை புதிதல்ல. 1914-ல் கிளம்பிய ஷாக்கிள்டனின் அண்டார்டிகா குழுவில் ஃபிராங்க் ஹர்லி என்ற புகைப்படக்காரர் இருந்தார். கப்பல் பனியில் சிக்கி நொறுங்கியதும், உள்ளே உறைநீரில் இறங்கிக் கண்ணாடி நெகட்டிவ்களை மீட்டார். அத்தனையையும் சுமக்க முடியாது என்பதால் 120 போல வைத்துக்கொண்டு, மீதி சுமார் 400-ஐ அங்கேயே உடைத்துப் போட்டார். அந்தப் பயணம் இன்று நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த மிச்சத்தால்தான்.

பெண் பிள்ளை என்ற பயத்துக்கு வருகிறேன். அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 1983-லேயே இந்தியக் குழுவோடு அண்டார்டிகா போனவர்கள். இப்போது அங்கே நமக்கு மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள். ஆட்களை அனுப்புவது கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். மருத்துவப் பரிசோதனை உண்டு, உத்தரகாண்ட் மலையிலுள்ள ஔலியில் பனிப் பயிற்சியும் உண்டு. நினைத்தவர் ஏறிப் போகிற கப்பல் அல்ல அது.

அதனால்தான் விலங்கியல் என்கிறேன். ஆராய்ச்சிக் கப்பலில் படுக்கைகள் எண்ணி வைத்தவை. கேமரா மட்டும் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு படுக்கையைக் கொடுக்க யாரும் யோசிப்பார்கள். வலையில் வந்த உயிரினத்தைப் பிரித்து வைக்கத் தெரிந்து, படமும் எடுப்பவர் என்றால் பேச்சே வேறு. பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கட்டும். கடல் உயிரியலில் எம்.எஸ்சி. படிக்க வெளியூர் தேட வேண்டாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையிலேயே இருக்கிறது. படிப்பைப் படம் பக்கம் திருப்ப வேண்டுமானால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஊடகத் துறை உண்டு. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு, இயக்கம் படிக்கவும் பட்டம் இருந்தாக வேண்டும். ஆக, மூன்று வருஷம் எதிலும் வீணாகாது. பிளஸ் டூ முடித்த கையோடு தனியார் சினிமாப் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேமராவும் இப்போது வேண்டாம். வீட்டில் இருக்கிற போன், சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று, ஹார்டு டிஸ்க் இரண்டு. ஏன் இரண்டு என்றால், ஒன்று போனாலும் எடுத்தது போகக்கூடாது. திரும்பப் போய் எடுக்க முடியாத இடங்களுக்குப் போகிறவளுக்கு அந்தப் பழக்கம் இப்போதே வர வேண்டும்.

இன்னொன்று, துறைமுகத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் ஒருநாள் அவளைப் படகில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் கரை மறையும் முன்பே வாந்தியெடுக்க ஆரம்பித்து, திரும்பி வரும்வரை கேமராப் பையைத் திறக்கவே இல்லை. இப்போது மலைப் பக்கம் படம் எடுக்கிறான், நன்றாகவே இருக்கிறான்.

உண்மையான சோதனை நம் கடற்கரையிலேயே இருக்கிறது. தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். வனத்துறையும் தன்னார்வலர்களும் ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு மகளும் கூட நடக்கட்டும், அந்த வேலையைப் பற்றிப் பத்து நிமிஷப் படம் ஒன்று எடுக்கட்டும். கரையேறும் ஆமை மேல் ஃபிளாஷ், டார்ச் கூடாது. வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஆமையைக் காட்டாமல் ஆமைப் படம் எடுக்க என்ன செய்வாள் என்று பார்ப்போம். பல ராத்திரி ஒன்றுமே வராது. வெறுங்கையோடு திரும்பியவள் மறுநாளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாளா என்று கவனியுங்கள்.

முதல் இரண்டு ராத்திரி நீங்களும் கூடப் போங்கள். பனி இறங்கும், காதை மூட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.