அணுக்களைக் கொண்டு ஒளிக்கற்றையின் பக்க விலகலைக் கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். எதிரொளித்த கற்றை எதிர்பார்த்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி வெளிவருவதே பக்க விலகல். அதைக் கண்ணாடியையோ படுகோணத்தையோ தொடாமல், இன்னொரு லேசரின் செறிவைக் கூட்டிக் குறைத்தே செய்யலாம். ஆனால் அணுக்கள் கற்றையைப் பிடித்துத் தள்ளுவதில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்; இது பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது.

பாடப்புத்தகத்தில் எதிரொளிப்பு ஒரே புள்ளியில் நடப்பதாகக் கோடு போட்டுக் காட்டுவார்கள். உண்மையான லேசர் கற்றையோ சற்றே மாறுபட்ட கோணங்களில் செல்லும் பல அலைகளின் கூட்டு. எதிரொளிக்கும்போது ஒவ்வோர் அலைக்கும் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, கொஞ்சம் வேறுபட்டு மாறுகிறது. அவை மறுபடி சேரும்போது கற்றையின் மையம் சற்றுத் தள்ளி அமைகிறது. நியூட்டன் ஊகித்திருந்த இந்த விலகலை 1947இல் கூஸ், ஹென்ஷன் என்ற இரு ஜெர்மானியர்கள் அளந்து வெளியிட்டார்கள். விலகல் அலைநீள அளவே இருந்ததால், ஒரே கண்ணாடித் தட்டுக்குள் ஒளியைப் பலமுறை எதிரொளிக்கவிட்டுப் பெருக்கினார்கள். மறு ஆண்டே ஆர்ட்மன் என்ற இயற்பியலர் விளக்கம் தந்தார்: கோணம் மாறும்போது கட்டம் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ, விலகலும் அவ்வளவு பெரிது.

ஆக, கட்டத்தின் அந்த மாற்றத்தை நம் கைக்குள் கொண்டுவந்தால் போதும். இங்கேதான் அணுக்கள் வருகின்றன. ருபீடியம்-87 அணுவின் தாழ்நிலை (மிகக் குறைந்த ஆற்றல் நிலை), சுமார் 6.8 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு மட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு மட்டத்துக்குப் பொருந்தும் 795 நானோமீட்டர் ஒளியை அனுப்பினால் ருபீடியம் ஆவி அதை விழுங்கிவிடும். ஒளியை விழுங்கிய அணு ஏறும் உயர் ஆற்றல் நிலை கிளர்நிலை. மற்ற மட்டத்தை அதே கிளர்நிலையுடன் இணைக்கும் கட்டுப்பாட்டு லேசரையும் பாய்ச்சுங்கள். கிளர்நிலைக்குப் போகும் இரண்டு வழிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரு தாழ்மட்டங்களும் ஓரியல்பாக (கட்டத் தொடர்பு குலையாமல்) கலந்த நிலையில் அணு அமர்ந்துவிடும். இருண்டிருந்த ஆவி தெளிந்துவிடும்! இயற்பியலர் ஹாரிஸின் குழுவினர் 1991இல் ஸ்ட்ரான்ஷியம் ஆவியில் இதைச் செய்து காட்டினார்கள். எனக்கு இயற்பியலிலேயே மிகவும் பிடித்த சோதனைகளில் அது ஒன்று.

இத்தகைய ஆவியை இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே வைத்தால் அது ஓர் ஒளியதிர்வுக் குழி; ஒளி அதற்குள் முன்னும் பின்னும் எதிரொளித்துக்கொண்டிருக்கும். கட்டுப்பாட்டு லேசரை மாற்றினால் ஆவியின் ஒளிவிலகல் எண்ணும் உட்கவர்தலும் (ஒளியை விழுங்கும் அளவும்) மாறும்; உள்ளே எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் ஒத்திசைவுக் கோணமும் நகரும். படுகோணம் அப்படியே இருந்தாலும் கட்டம் மாறும் வேகம் வேறாகிவிடும். உட்கவர்தலைப் பொறுத்து, எதிரொளித்த கற்றை எதிர்த்திசையிலும் விலகலாம். வாங், இக்ரம், ஜுபைரி என்ற இயற்பியலர் மூவரும் 2008இல் இருமட்ட அணுக்களுக்கு இத்தகைய திட்டத்தை முன்வைத்தார்கள். மூன்று, நான்கு மட்ட அணுக்களுக்கும் அது பின்னர் விரிந்தது.

இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது, அலைநீளத்தைப் போலப் பல மடங்கு விலகல் என்ற வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். எதிரொளிப்புச் செறிவின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிரொளிப்பு ஏறத்தாழ அற்றுப்போகும் கோணத்தில்தான் கட்டம் திடீரென்று தாவுகிறது. அங்கே விலகல் பெரிதுதான். ஆனால் உணர்கருவிக்கு வந்து சேரும் ஒளி மிகக் குறைவு. கற்றை குறுகலாக இருந்தால் அதன் வடிவமும் சிதையும்.