நாலு மீட்டர் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

நெக்ஸான், வென்யூ, சோனெட், பிரெஸ்ஸா, கைலாக் என்று எந்த காரைப் பார்த்தாலும் நீளம் 3,995 மில்லிமீட்டர், ஒன்றிரண்டு கூடக்குறைய என்றே இருக்கிறது. எல்லாக் கம்பெனியும் சொல்லிவைத்த மாதிரி அங்கேயே நிறுத்துவது ஏன்?
– வாசகர், நாமக்கல்

வரிதான் காரணம். 2006 பட்ஜெட்டில், 4,000 மி.மீ.க்கு உட்பட்ட நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்கும் டீசல் என்றால் 1,500 சிசிக்கும் மிகாத எஞ்சினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். அரசு கோடு கிழித்தது. கம்பெனிகள் அந்தக் கோட்டுக்கு உள்ளே வந்து நெருக்கியடித்து நின்றன.

இதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி மாருதி டிசையர். 2008இல் வந்த முதல் டிசையரின் நீளம் 4,160 மி.மீ., டிக்கி 440 லிட்டர். 2012இல் வந்த இரண்டாவது டிசையர் 3,995 மி.மீ., டிக்கி 316 லிட்டர். இரண்டையும் பக்கவாட்டில் நிறுத்திப் பாருங்கள். பின்கதவு வரை பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்குப் பிறகு கத்தியால் நறுக்கிய மாதிரி முடிந்துவிடும். வரிக்காக ஒரு பெரிய சூட்கேஸ் இடத்தை வெட்டியெறிந்தார்கள். அழகு கெட்டது என்று பலர் சொன்னார்கள், ஆனாலும் விற்பனை குறையவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோடு இன்னும் அழுத்தமாகிவிட்டது. அதற்கு முன் சிறிய பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்த்து 29 சதவீதம். நாலு மீட்டரைத் தாண்டிய 1,500 சிசி வரையிலான காருக்கு 45. இடைவெளி 16 புள்ளி. இப்போது சிறியதற்கு 18, மற்றவற்றுக்கு 40. இடைவெளி 22 புள்ளி. வரிக்கு முன் 6 லட்சம் அடக்கமாகும் கார் முன்பு 7,74,000, இப்போது 7,08,000. அதே அடக்க விலையுள்ள கார் கோட்டுக்கு வெளியே விழுந்தால் 8,40,000.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நீளம் மட்டும் போதாது, எஞ்சினும் உள்ளே இருக்க வேண்டும். பிரெஸ்ஸாவும் ஃப்ராங்ஸும் ஒரே மாருதி தயாரிப்பு, இரண்டும் 3,995 மி.மீ. ஃப்ராங்ஸின் 1,197 சிசி எஞ்சின் 18 சதவீதத்தில் வருகிறது. பிரெஸ்ஸாவின் 1,462 சிசி பெட்ரோல் எஞ்சின் 40இல் விழுகிறது. அதனால் விலைப்பட்டியலில் நீளத்தைப் பார்ப்பதற்கு முன் சிசியைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் வாங்குவோருக்கு இன்னொரு கோடும் உண்டு: 10 லட்சம். 2023 நவம்பரில் மாற்றிய ஆயுள் வரி விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரையிலான புதுக் காருக்கு 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. 10,05,000 ரூபாய் காருக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு 51,550 ரூபாய் கூடுதல் வரி! அதோடு 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீத டி.சி.எஸ். (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம்) வேறு. அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். ஆயுள் வரி திரும்பாது. சன்ரூஃப் ஆசையில் ஒரு வேரியன்ட் மேலே போகுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஃபோர்டும் ஹூண்டாயும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தானே சென்னைக்கு வந்தன? ஒன்று கடையைக் கட்டியது, இன்னொன்று வேரூன்றியது. ஃபோர்டு கார் தரத்தில் குறைந்ததா?
– வாசகி, தாம்பரம்

தரத்தில் குறையில்லை. ஃபிகோ, எக்கோஸ்போர்ட் ஓட்டியவர்கள் இன்றும் அந்த ஸ்டீயரிங்கைப் பற்றிப் பேசுகிறார்கள். தோற்றது கணக்கில்.

ஹூண்டாய் 1996இல் இந்தியக் கம்பெனியைத் தொடங்கி, 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை இறக்கியது. முதல் அடியே சிறிய காரில். உதிரிபாகம் செய்கிறவர்களையும் கொரியாவிலிருந்து கூடவே அழைத்து வந்தது. ஃபோர்டு எஸ்கார்ட்டில் தொடங்கி 1999இல் ஐகானுக்கு வந்தது. மக்கள் கூட்டமாக வாங்கும் சிறிய காரான ஃபிகோ 2010இல்தான் வந்தது. 2013இல் எக்கோஸ்போர்ட் சிறிய எஸ்யூவி சந்தையைத் திறந்துவிட்டது, ஆனால் 2021 வரை அதே உடம்பு. நடுவில் முகத்தை மட்டும் திருத்தினார்கள். எதிரிகளோ புதிது புதிதாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

பானெட் ஒன்று செய்யத் தகட்டை அச்சில் வைத்து பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். அந்த அச்சு அந்த ஒரு மாடலுக்கு மட்டும்தான் உதவும். 50,000 கார் விற்றாலும் 3 லட்சம் கார் விற்றாலும் அச்சுக்கும் பெயின்ட் ஷாப்புக்கும் போட்ட முதல் ஒன்றுதான். குறைவாக விற்றால் ஒவ்வொரு கார் தலையிலும் அது பாரமாக ஏறும். மறைமலை நகர் ஆலை போதாதென்று 2015இல் குஜராத் சனந்தில் 100 கோடி டாலரில் இரண்டாவது ஆலை கட்டினார்கள். அதற்கேற்ற விற்பனை வரவில்லை. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கம்பெனியே சொன்னது. சனந்த் ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவில் இங்கே விற்பனையை நிறுத்தியது. அதன் ஹலோல் ஆலை எம்ஜி கைக்கும், தலேகாவ் ஆலை ஹூண்டாய் கைக்கும் போயின. நொடித்தவர் கட்டிய கூரையின் கீழ்தான் இன்று மற்றவர்கள் வளர்கிறார்கள்.

பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு: ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்ற தேய்மானப் பொருள்களுக்குக் கவலை குறைவு. ஹெட்லைட், பம்பர், கதவுத் தகடு போன்ற அந்த மாடலுக்கே உரியவைதான் முதலில் தட்டுப்பாடாகும். ஹெட்லைட்டில் லேசாக விரிசல் விழுந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மாதாமாதம் 1ஆம் தேதி எல்லாக் கம்பெனியும் விற்பனை எண் வெளியிடுகிறது. எண்ணிக்கை ஏறியும் ஷோரூமில் தள்ளுபடி கொட்டுகிறதே, எப்படி?
– வாசகர், திண்டுக்கல்

கம்பெனி சொல்லும் எண், ஆலையிலிருந்து டீலருக்கு அனுப்பியது. நீங்கள் வாங்கிப் பதிவு செய்தது வேறு எண். அதை டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா, அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’ தரும் பதிவுகளை வைத்து வெளியிடுகிறது. இரண்டுக்கும் இடையில் உள்ளது டீலரின் யார்டில் வெயிலில் நிற்கிறது. 2024 பண்டிகைக் காலத்துக்கு முன் இந்த இருப்பு 80–85 நாள் விற்பனை அளவுக்குப் போனது. ஏறத்தாழ 79,000 கோடி ரூபாய்ச் சரக்கு. 21 நாள் இருப்பே போதும் என்பது ஃபாடாவின் வாதம். அந்தச் சரக்குக்கு வங்கி வட்டி கட்டுவது டீலர். அதனால்தான் மாதக் கடைசியில் உங்களுக்குப் போன் மேல் போன் வருகிறது.

தள்ளுபடி நல்லதுதான், ஆனால் நின்ற காரைப் பார்த்து வாங்க வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன் யார்டுக்கே போய்ப் பாருங்கள். பதிவான பிறகு மறுக்க முடியாது. பகலில் போங்கள், மழை நாளில் வேண்டாம். சேஸிஸ் எண்ணில் பத்தாவது எழுத்து பெரும்பாலான கம்பெனிகளில் ஆண்டைக் குறிக்கும்: 2024க்கு ஆர், 2025க்கு எஸ். மாதத்தை ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள், பின்னால் ஆர்.சி.யிலும் அது வரும். டிசம்பரில் செய்த காரைப் பிப்ரவரியில் வாங்கினால், மறுவிற்பனையில் ஒரு வயது கூடித்தான் மதிப்பிடுவார்கள். அதற்கேற்ற தள்ளுபடி கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள்.

டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நாலு டயரும் ஸ்டெப்னியும் ஒன்றுக்கொன்று நெருங்கிய வாரங்களில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்து இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடும். சோதனை ஓட்டத்தில் 60–80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அதுவாக இருக்கலாம். பேட்டரியை மல்டிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள்: எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் முழு சார்ஜ், 12.2க்குக் கீழே என்றால் வடிந்து கிடந்த பேட்டரி, புதிது கேளுங்கள். பிரேக் டிஸ்க்கில் மேலோட்டமான துரு நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். குழி விழுந்த துரு போகாது. பானெட்டைத் திறந்து ஒயர்களைச் சுற்றி எலிப் புழுக்கை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும்.

இன்ஷூரன்ஸை அங்கேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்றாம் நபர் காப்பீடு 3 வருடத்துக்குக் கட்டாயம். சொந்தச் சேதத்துக்கு 1 வருடம் எடுத்தால் போதும். வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எம்ஜி வின்ட்ஸர் மின்சாரக் காரில் பேட்டரிக்கு வாடகை கட்டினால் விலை குறைவு என்கிறார்கள். லாபமா?
– வாசகர், சேலம்

எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024இல் அறிமுகமானபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், சேர்த்து 13.5 லட்சம், வாடகை கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய். வித்தியாசமான 3.51 லட்சத்தை 3.5ஆல் வகுத்தால் ஒரு லட்சம் கி.மீ. அதைத் தாண்டி ஓட்டுகிறவருக்கு வாடகை நஷ்டம். குறைவாக ஓட்டுகிறவர் மாதக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று பாருங்கள், 1,500 கி.மீ. என்றால், 600 ஓட்டினாலும் 5,250 ரூபாய் கட்ட வேண்டும். மின்சாரச் செலவு தனி.

சிஎன்ஜி காரில் டிக்கி முழுக்க சிலிண்டர் அடைத்துக்கொள்கிறதே, வேறு வழியில்லையா?
– வாசகி, ஓசூர்

இருக்கிறது. 2023இல் டாடா அல்ட்ராஸில், 60 லிட்டர் ஒற்றைச் சிலிண்டருக்குப் பதிலாக 30 லிட்டரில் இரண்டை டிக்கியின் தரைக்குக் கீழே படுக்கவைத்தது. 2024இல் ஹூண்டாயும் எக்ஸ்டரில் அதையே செய்தது. டிக்கி பெரும்பாலும் மிஞ்சும். எரிவாயுவில் ஓடும்போது சக்தி குறையும். அல்ட்ராஸில் பெட்ரோலில் சுமார் 86 குதிரைசக்தி, வாயுவில் 73.5. ஏற்காடு ஏற்றத்தில் ஆள் நிறைய ஏற்றிப் போனால் அது தெரியும். மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டருக்கு நீரழுத்தச் சோதனை கட்டாயம். இரண்டு சிலிண்டர் என்றால் கட்டணமும் இரண்டுக்கா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மாருதி ஃப்ராங்ஸா, டொயோட்டா டைசரா?
– வாசகர், கும்பகோணம்

ஒரே கார், முகமும் பெயரும்தான் வேறு. 2024 ஜூலை முதல் மாருதியும் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. உத்தரவாதம் தருவதால் அந்த வித்தியாசமும் போய்விட்டது. கும்பகோணத்தில் எந்த சர்வீஸ் சென்டர் உங்களுக்குப் பக்கம், எந்த ஷோரூமில் காத்திருப்பு குறைவு என்று மட்டும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஆன் ரோடு விலையைத் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்றோ ‘ஹேண்ட்லிங்’ என்றோ ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.