2031 ஆகஸ்டு வரை காத்திருக்கச் சொல்கிறதா விவிலியம்?

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். முப்பதைக் கடந்த மூத்த மகள் புதுச்சேரியில் செவிலியராக இருக்கிறாள். வந்த வரன்கள் எதுவும் அமையவில்லை. இப்போது கத்தோலிக்கம் அல்லாத சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்த ஒருவரைத் தானே பார்த்து வைத்துக்கொண்டு, மணந்தால் அவரைத்தான் மணப்பேன் என்கிறாள். விவிலியத்தில் தகப்பன்தான் பெண்ணைக் கொடுக்கிறான். பெண் தானாகத் தேடிக்கொண்டதாக எங்கும் இல்லை. பங்குத்தந்தையோ இருவரின் சம்மதமே திருமணம் என்கிறார். இந்தக் காலத்துக் கருத்துக்காக வேதத்தைத் தள்ளிவிடலாமா? வீட்டுக் கடன் தவணையும் அவள் சம்பளத்தில்தான் போகிறது. 2031 ஆகஸ்டில் முடியும். தம்பி பெங்களூரில் வேலையில் இருக்கிறான். – ஒரு தந்தை

பதில்: ஐயா, மகளின் வயதை "முப்பதைக் கடந்த" என்று பொதுவாக எழுதிய உங்களுக்குக் கடன் முடியும் மாதம் மட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. வந்த வரன்கள் ஏன் அமையவில்லை என்பதற்கு ஒரு காரணமும் நீங்கள் சொல்லவில்லை. இத்தகைய கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. பெரும்பாலானவற்றில் வேதம் முதல் பத்தியில் வரும், சம்பளம் கடைசிப் பத்தியில் வரும். ஆகவே உங்கள் கடிதத்தையும் கடைசியிலிருந்தே படிக்கிறேன்.

விவிலியத்தில் தகப்பன்தான் பெண்ணைக் கொடுத்தான் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் அதே நூலில் யாக்கோபுக்கு நான்கு பெண்கள் வழியாகப் பிள்ளைகள் பிறந்தார்கள், சாலமோனுக்கு 700 மனைவியர் இருந்தார்கள், பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை அவனுடைய சகோதரன் ஏற்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. இவற்றில் எதையும் உங்கள் வீட்டில் நடத்த நீங்கள் நினைக்கவில்லை. தகப்பனின் உரிமையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டீர்கள். பெண் தேடிக்கொண்டதே இல்லை என்கிறீர்கள். மாமியார் நகோமியின் யோசனைப்படி இரவில் களத்துமேட்டுக்குச் சென்று, என்னை ஏற்றுக்கொள்ளும் என்று உறவினர் போவாசிடம் கேட்ட ரூத்து யார்? அவளுடைய வழியில்தான் தாவீது வந்தார், இயேசுவும் வந்தார். ஈசாக்குக்கு மனைவியான ரெபேக்காவின் வீட்டில்கூட, பேச்சு முடிந்து நகையும் கைமாறிய பிறகுதான் என்றாலும், பெண்ணை அழைத்து "இவரோடு போகிறாயா" என்று கேட்டார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு கேள்வி எங்குமே இல்லை.

பழங்காலத் திருமணங்களில் சொத்துக் கணக்கு இருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. மகன் இல்லாமல் இறந்த செலொபுகாதின் நிலத்தைப் பெற்ற அவருடைய புதல்வியர் தமக்கு விருப்பமானவரை மணக்கலாம், ஆனால் தந்தையின் குலத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்று எண்ணிக்கை நூல் விதிக்கும்போது, நிலம் வேறு குலத்துக்குப் போய்விடக் கூடாது என்ற காரணத்தையும் அது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நிலத்துக்காகச் செய்வதை நிலத்துக்காக என்று சொல்லும் நேர்மை அதில் இருக்கிறது. நீங்கள் தவணைக்காகச் செய்வதை வேதத்துக்காக என்கிறீர்கள்.

உங்களுக்குப் பொருத்தமான தகப்பன் ஒருவர் தொடக்கநூலில் உண்டு. அவர் பெயர் லாபான். லேயா, ராகேல் என்ற இரண்டு மகள்களுக்காக மருமகன் யாக்கோபிடம் 14 ஆண்டுகள், மந்தைக்காக மேலும் 6 ஆண்டுகள் என்று உழைப்பை வாங்கிக்கொண்டவர் அவர். கடைசியில் யாக்கோபு புறப்படலாமா என்று கேட்டபோது, லேயாவும் ராகேலும், வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த அந்த இருவரும், ஒரே குரலில் பதில் சொன்னார்கள்: தகப்பன் எங்களை அந்நியராக நடத்தினார், எங்களை விற்றார், எங்களுக்கான பணத்தையும் விழுங்கிவிட்டார் என்றார்கள். உங்கள் மகள் இன்னும் அப்படிச் சொல்லவில்லை என்றால் அது அவளுடைய வளர்ப்பின் நன்மை. அந்த வளர்ப்பில் உங்களுக்கும் பங்கு இருக்கும் என்றே நம்புகிறேன்.

சம்மதம் "இந்தக் காலத்துக் கருத்து" என்பதும் பிழை. 866 இல் பல்கேரியருக்கு எழுதிய பதிலிலேயே திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், மணமக்களின் சம்மதமே திருமணத்துக்குப் போதுமானது என்று சொல்லிவிட்டார். 1563 இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கத்தில், பெற்றோர் சம்மதமில்லாத திருமணங்கள் செல்லாது என்று அறிவிக்கும்படி பிரான்சின் தரப்பு வற்புறுத்தியது. பிற்காலத்தில் புதுச்சேரியை ஆண்டவர்களின் முன்னோரும் உங்கள் கட்சிதான். சங்கம் அத்தகைய திருமணங்களை வெறுப்பதாகச் சொன்னது, ஆனால் அவை செல்லாது என்று சொல்ல மறுத்துவிட்டது. 1872 ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டமும் தகப்பனின் சம்மதத்தைக் கேட்பது 21 வயது நிரம்பாதவர்களுக்கே. மணமகன் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர் என்பதால் மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் மகள் வாக்களிக்க வேண்டும். அதைப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்வார்.

பெற்றோரை உதறிவிட்டுப் போவது சுதந்திரம் என்று பேசுகிறவள் அல்ல நான். பெற்ற பிள்ளைகள் பெற்றவர்களைக் காக்க வேண்டும்; கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குச் சேர வேண்டியதை மறுத்தவர்களை இயேசுவே கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அவர் கண்டித்தது எதை என்று பாருங்கள்: பணக் கணக்கைச் சமயத்தின் பெயரால் மறைத்ததை. பெற்றோரிடமிருந்து நழுவப் பிள்ளைகள் அன்று செய்ததை, பிள்ளையைப் பிடித்துவைக்க நீங்கள் இன்று செய்கிறீர்கள். அந்தக் காக்கும் கடமை மகளுக்கு மட்டும் எழுதப்பட்டதும் அல்ல. பெங்களூரில் வேலையில் இருக்கும் மகனுக்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது. தவணையில் அவன் பங்கு என்ன? அக்காள் முப்பதைக் கடந்தும் குடும்பத்தைச் சுமக்கையில், தம்பி தன் சம்பளத்தைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

இந்த வாரமே மகனை வரவழையுங்கள். தவணையை அவன் ஏற்கட்டும். முழுவதும் முடியாவிட்டால், கடன் காலத்தை நீட்டித்து மாதத் தொகையைக் குறைக்க வங்கியில் கேளுங்கள். மகள் திருமணத்துக்குப் பிறகும் கொடுக்க விரும்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நீங்கள் கேட்கக் கூடாது. மணமகனின் வீட்டாரை, மகள் சொல்லும் நாளில், முறையாக வீட்டுக்கு அழையுங்கள். மீண்டும் எனக்கு எழுதுவதானால், இத்தனை ஆண்டுகள் அவள் தவணை கட்டிய அந்த வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.