செல்ஃப் போடும்போது வரும் கரகரப்பு

நண்பரே, செல்ஃப் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் சுழலாமல் கரகரவென்று அரைக்கும் ஒலி மட்டும் வருகிறது, கிக்கரை உதைத்தாலோ வண்டி சத்தமின்றிக் கிளம்பிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்ற அவசரப்பட வேண்டாம். மோட்டாரின் சுழற்சியைக் கிராங்குக்கு (எஞ்சினின் சுழல் தண்டுக்கு), ஒரே திசையில் மட்டும் கடத்தும் ஒருவழி கிளட்சில் உருளைகளோ அவற்றைத் தள்ளும் ஸ்பிரிங்குகளோ தேய்ந்து, பிடிப்பு நழுவுகிறது என்றே கருதுகிறேன். முதலில் பேட்டரியைச் சோதியுங்கள்: ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினாலும், பொத்தானை அழுத்தும்போது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால், எஞ்சின் மெதுவாகச் சுழன்று பின்னுதைக்கும், அதாவது சட்டென்று எதிர்த்திசையில் திரும்பும். அந்த அடி இந்த உருளைகளின்மேல்தான் விழும். அடுத்து, எஞ்சினின் பக்கத்தில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டின் மூடியைக் கழற்றி (ஆயில் வடியும், கசிவைத் தடுக்கும் புதிய கேஸ்கெட்டும் வேண்டும்), உள்ளே இருக்கும் அந்தக் கிளட்சின் பல்சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். அது ஒரு பக்கம் தடையின்றிச் சுழன்று, மறுபக்கம் உடனே இறுக வேண்டும். இரு பக்கமும் சுழன்றால் கிளட்சை முழுத் தொகுதியாகவே மாற்றுங்கள். அதுவரை கிக்கரையே பயன்படுத்துங்கள்.