கடலை மிட்டாய்ச் சோதனை

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு நாலரை வயது. யூடியூபில் மார்ஷ்மெல்லோ சோதனை என்று ஒரு வீடியோ பார்த்தேன். குழந்தை முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, 15 நிமிடம் தின்னாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார்கள். காத்திருந்த பிள்ளைகள்தான் பின்னாளில் நன்றாகப் படித்து முன்னேறினார்களாம். நானும் கடலை மிட்டாய் வைத்துப் பார்த்தேன். அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் தின்றுவிட்டான். இவன் அப்பா விசைப்படகில் போகிறவர். அப்பா பாதி நாள் கடலில் கிடப்பதால்தான் பிள்ளைக்குக் கட்டுப்பாடு வரவில்லை என்கிறார் மாமியார். இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நாலரை வயதுப் பிள்ளை கண்முன் இருந்த மிட்டாயைத் தின்றிருக்கிறான். பயப்பட இதில் ஒன்றும் இல்லை. மனதை அடக்கும் திறன் அந்த வயதில் இப்போதுதான் முளைவிடுகிறது.

வீடியோவில் விட்டுப்போனதைச் சொல்கிறேன். வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் இந்தச் சோதனையை 1960களின் கடைசியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் தொடங்கினார். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின், மாணவர்களின் வீட்டுப் பிள்ளைகள். காத்திருந்தவர்கள் பிறகு தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கியதாக 1990இல் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்கப் பரவியது அதுதான். 2018இல் டைலர் வாட்ஸ் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பல வகைக் குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை வைத்து அதைச் சரிபார்த்தார்கள். காத்திருப்புக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்ததாகச் சொன்ன தொடர்பில் பாதிதான் தேறியது. வீட்டு வருமானம், வளர்ப்புச் சூழல் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தபோது அதிலும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. ஒரு மிட்டாயை வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட சோதனை. 28 பிள்ளைகள்தான். மிட்டாயை வைப்பதற்கு முன்னால் அவர்களைப் படம் வரைய உட்கார வைத்தார். தேய்ந்துபோன கிரேயான்கள்தான் மேசையில் இருந்தன. “கொஞ்சம் பொறு, நல்லதாகக் கொண்டுவருகிறேன்” என்று சொல்லிப் போனார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேருக்கு, “மன்னிச்சுக்கோ, இல்லையாம்” என்று வெறும் கையோடு திரும்பி வந்தார்கள். ஸ்டிக்கரிலும் அதே மாதிரி. அதற்கப்புறம்தான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். முதல் கூட்டத்தில் 14 பேரில் 9 பேர் 15 நிமிடமும் தாக்குப் பிடித்தார்கள். இரண்டாவதில் ஒரே ஒரு பிள்ளை. இரண்டு தடவை ஏமாந்தது போதும், பிள்ளை கணக்குப் போட்டுவிடுகிறது. அதைக் கட்டுப்பாடு இல்லை என்று எப்படிச் சொல்வது? அது புத்திசாலித்தனம்.

இதைப் படித்தபோது எனக்கு மண்டபத்துக் கரை ஞாபகம் வந்தது. என் பெரியப்பா கரைவலை இழுத்தவர். கயிறு கரையேற மணிக்கணக்காகும். நாங்கள் நாலைந்து பிள்ளைகள் ஓலைக்கொட்டானை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்போம். வலையின் மடி கரைக்கு வந்து, மீன் பிரித்து முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை காரல் மீன் அள்ளிப் போடுவார். ஒரு நாளும் தவறியதில்லை. வலை ஓரத்தில் துள்ளி விழுந்த மீனைக்கூட நாங்கள் தொட மாட்டோம். பக்கத்து வலைக்காரர் ஒருவர், “கயிறு பிடிங்க, மீன் தாரேன்” என்று சொல்லி இழுக்க வைத்துவிட்டு, கடைசியில் விரட்டிவிட்டார். மறுநாளிலிருந்து அவர் வலை கரை தொட்டதும் விழுந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு ஓடினோம். அதே பிள்ளைகள்தான், அதே கரைதான்.

மாமியார் சொன்னதைப் பற்றி. மிஷெல், ஸ்டான்போர்டுக்கு முன்பே 1950களில் டிரினிடாட் தீவில், சின்ன மிட்டாய் இப்போதா, பெரியது அடுத்த வாரமா என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளைகளில் நிறையப் பேர் கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டார்கள். யாரோ ஓர் ஆள் சொல்லும் வாக்கை அந்தப் பிள்ளைகள் எதை வைத்து நம்புவது? உங்கள் வீட்டுக்காரரோ திரும்பி வருகிறவர். இரண்டையும் சேர்த்துப் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம். அம்மா நாள் முழுக்கத் தோட்டத்தில் வேலை செய்யும் கேமரூன் நாட்டு இன்ஸோ இன மக்களின் வீடுகளிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே 4 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 70 பேர்வரை காத்திருந்தார்கள். ஜெர்மனியில் 28 பேர்தான்.

எனக்கு உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. பிள்ளை அழும்போது, “அப்பா சாயங்காலம் வந்துருவாரு” என்று சொல்கிறீர்களா? நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான், அழுகையை நிறுத்தத்தான். ஆனால் காற்று மாறும், இஞ்சின் நிற்கும், அக்கரையில் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வரும். சாயங்காலம் என்ற வாக்கு பிள்ளைக்குள் ஒவ்வொரு தடவையும் உடைகிறது. ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். “படகு கரை வந்ததும் வருவாரு. காத்து பெருசா இருந்தா நாளைக்கு.” பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் அதையும் அவனுக்குக் காட்டுங்கள். நாலரை வயதுக்குப் புரியும். உங்கள் கையில் இருக்கிற சின்ன வாக்குகளை, குளித்தால் கதை சொல்கிறேன் என்பது போன்றவற்றை, விடாமல் காப்பாற்றுங்கள்.

மிட்டாய்ச் சோதனையை மறுபடி செய்ய வேண்டாம். எப்போதாவது காத்திருக்க வைக்கத்தான் வேண்டும் என்றால், மிட்டாயைக் கண்ணில் படாமல் ஒரு கிண்ணத்தால் மூடிவிடுங்கள். மூடி வைத்தால் பிள்ளைகள் கூடுதல் நேரம் பொறுப்பதை மிஷெலே கண்டிருக்கிறார். அப்புறம், சொன்ன நேரத்துக்கு இரண்டாவது மிட்டாயோடு நீங்கள் வந்து நில்லுங்கள்.